பனியாற்றைக் காணப் புறப்படும் முன்

ஆண்டுதோறும் பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் முதியோர் நலப் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் சில, வழக்கமான ஐயங்களோடு புதிய ஐயம் ஒன்றையும் கொண்டுவருகின்றன. அமெரிக்காவில் வாழும் மகனோ மகளோ கோடைக்குப் பெற்றோரை வரவழைத்திருப்பார். அங்கிருந்து ஒரு வாரம் கப்பலில் அலாஸ்காவுக்கு அழைத்துச் சென்று பனியாறுகளைக் காட்டவும் எண்ணியிருப்பார். "அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது, டாக்டர், போகலாமா?" "அப்பாவுக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. அந்தக் குளிரைத் தாங்குவாரா?" இவ்வாறு கேட்பவர் பெரும்பாலும் கைப்பேசித் திரையில் இருக்கிறார். பயணம் போக வேண்டியவரோ எங்கள் எதிரில், தம்மைப் பற்றியே நடக்கும் உரையாடலைக் கேட்டபடி, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

போகலாமா என்ற கேள்விக்கு எங்கள் விடை பெரும்பாலும் 'போகலாம்' என்பதே. முதுமையும் நாள்பட்ட நோயும் உள்ளவர் வீட்டிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு என்ற கருத்தை நாங்கள் ஏற்பதில்லை. ஆயினும் அந்த விடையை எதிரில் இருப்பவரிடம் பேசிய பிறகே சொல்கிறோம். அவருக்குப் போக விருப்பம் உண்டா, தம் நோயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், வழியில் ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்யப்பட வேண்டும் என்று நினைக்கிறார் என்ற மூன்றும் தெரியாமல், ஸ்டென்டையும் சிறுநீரகத்தையும் மட்டும் பார்த்துச் சொல்லும் விடை பாதி விடையாகவே இருக்கும்.

முதலில் இந்தப் பயணத்தின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். பனியாறு என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது இமயம். கேதார்நாத் 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றில் உயிர்வளியின் அழுத்தம் குறைவு. இதயமும் நுரையீரலும் தளர்ந்தவர்களுக்கு அந்த உயரமே முதல் எதிரி. அலாஸ்காவில் நிலைமை வேறு. அங்குள்ள பனியாறுகள் சில மலையிலிருந்து இறங்கிக் கடல்மட்டம் வரை வந்து, நேரே கடலில் முடிகின்றன. மெரினா கடற்கரையில் எந்த உயரத்தில் மூச்சு விடுகிறோமோ அதே உயரத்தில் நின்று பனியாற்றின் முகத்தைப் பார்க்கலாம். ஏற்றம் இல்லை, படிக்கட்டு இல்லை. ஒருமுறை பெட்டியைப் பிரித்து வைத்தால் ஏழு நாளும் அதே கட்டில், அதே கழிப்பறை. கட்டிலோடு சேர்த்து நம்மைக் கப்பல் சுமந்து செல்கிறது. முழங்கால் தேய்ந்தவர்க்கும் அடிக்கடி கழிப்பறை தேவைப்படுபவர்க்கும் இதைவிட இசைவான நெடும்பயணம் ஒன்றைச் சொல்லுமாறு எங்களைக் கேட்டால் சற்றுத் தயங்கத்தான் செய்வோம்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவில் கழியும் நாளை எடுத்துக்கொள்வோம். அன்று கப்பல் எந்தத் துறையிலும் நிற்பதில்லை, ஒருவரும் இறங்குவதில்லை. நாளொன்றுக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் அந்த விரிகுடாவினுள் அனுமதி இல்லை. காலையில் பூங்காவின் காவல் அலுவலர்கள் சிறு படகில் வந்து ஏறிக்கொண்டு, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டே வருவார்கள். விரிகுடாவின் தலைப்பகுதியில் மார்ஜரி என்னும் பனியாறு இருக்கிறது. அதன் முகம் ஏறத்தாழ ஒரு மைல் அகலம். நீருக்கு மேல் ஏறத்தாழ 250 அடி உயரம். கப்பல் அதன் முன் நெடுநேரம் நின்று, இருபுறத்தாரும் பார்க்கும்படி மெல்லத் திரும்பும். பனி வெள்ளையாக இருக்கும் என்று எண்ணி வருபவர்களை அதன் நீலம் திகைக்க வைக்கிறது. பல ஆண்டு எடையால் அழுந்திக் காற்றுக் குமிழிகள் வெளியேறிய பனிக்கட்டி, ஒளியின் சிவப்புக் கூற்றை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. அவ்வப்போது ஒரு துண்டு பிளந்து கடலில் விழும். விழுவது கண்ணுக்குத் தெரிந்து சிறிது நேரம் கழித்தே இடியொத்த ஓசை காதுக்கு வரும். காது மந்தமானவர்களுக்கும் அது கேட்கும்.

இவ்வளவையும் சக்கர நாற்காலியில் அமர்ந்து, கம்பளி போர்த்தி, கண்ணாடிச் சாளரத்தின் உட்புறம் இருந்தே காணலாம். மேல்தளத்துக்குப் போய்க் காற்றில் நின்றால்தான் பார்த்ததாகக் கணக்கு என்று பிள்ளைகள் வற்புறுத்த வேண்டியதில்லை. கோடையிலும் பனியாற்றின் மேலிருந்து வரும் காற்று கூர்மையானது. குளிர்காற்று திடீரென முகத்தில் பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், மார்புவலியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்குத் தொல்லை மிகும். வாயையும் மூக்கையும் கம்பளித் துணியால் மூடிக்கொண்டு பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வருவது போதும். பலகணி உள்ள அறைக்குக் கூடுதல் கட்டணம் ஆகும். எனினும் நோயுள்ள பெற்றோரோடு போகிறவர்கள் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கூட்டத்தில் இடம்பிடிக்க ஓட வேண்டாம். களைத்தால் கட்டில் நான்கடித் தொலைவில் இருக்கும்.

அந்த விரிகுடாவின் வரலாற்றை நோயாளிகளோடு பேசும்போது நாங்கள் அடிக்கடி சொல்வதுண்டு. ஹூனா டிலிங்கிட் என்னும் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பனி முன்னேறி அவர்களுடைய குடியிருப்புகளை அழித்து அவர்களை வெளியேற்றியது. ஓடுகின்ற நாயின் வேகத்தில் பனி வந்தது என்று அவர்தம் வாய்மொழி வரலாறு கூறுகிறது. 1794இல் வான்கூவரின் கடலாய்வுக் குழுவினர் வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. கரையில் ஒரு சிறு வளைவும் அதன் பின்னே பனிச்சுவரும் இருந்தன. 1879இல் ஜான் மியூர் வந்தபோது பனி 40 மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் செல்லும் நீர்வழி முழுவதும் அன்று பனியாக இருந்த இடம். முன்னோர் இழந்த அந்த மண்ணில் ஹூனா மக்கள் 2016இல் தங்கள் குல இல்லம் ஒன்றை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். ஊரை விட்டுப் பெயர்ந்து வாழ்ந்த அனுபவமுள்ள முதியவர்கள் பனியைவிட இந்தக் கதையைக் கூர்ந்து கேட்கிறார்கள். (உலகம் வெப்பமடைவதால் பனியாறுகள் மிகப்பலவும் சுருங்கிவரும் காலத்தில், எரிபொருள் எரிக்கும் பெருங்கப்பலில் போய் அவற்றைப் பார்ப்பது முறையா என்று கேட்கும் பேரப்பிள்ளைகளும் உண்டு. கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லும் தகுதி மருத்துவமனைக்கு இல்லை.)

பயணம் இவ்வளவு இசைவானதாக இருக்க, அதைக் கடினமாக்குவது பெரும்பாலும் அட்டவணையே. ஜூனோவில் ஹெலிகாப்டர், ஸ்காக்வேயில் மலை ரயில், கெட்சிக்கனில் மழையில் நடை, இடையில் திமிங்கிலம் பார்க்கப் படகு என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு சீட்டு வாங்கி வைத்திருப்பார்கள். செலவழித்த பணத்துக்கு ஈடாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை புரிகிறது. எழுபத்தைந்து வயதில் ஒரு நாள் வெளியே சென்றால் மறுநாள் ஓய்வு தேவை. தென்கிழக்கு அலாஸ்காவில் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 20 அடியைத் தொடும் நாள்கள் உண்டு. நீர் இறங்கிய வேளையில் துறையின் சரிவுப் பாலங்கள் செங்குத்தாகிவிடும். காலையில் எளிதாக இறங்கியவர் மாலையில் ஏறத் திணறுவார். எனவே ஏழு நாளில் இரண்டு முறை கரையிறங்கினால் போதும். ஜூனோவுக்கு அருகிலுள்ள மெண்டன்ஹால் பனியாற்றை வண்டியில் போய், சிறிது தொலைவு சமதளப் பாதையில் சக்கர நாற்காலியைத் தள்ளிச் சென்றே பார்த்துவிடலாம். மற்ற நாள்களில் பிள்ளைகள் முறைவைத்துக்கொண்டு, ஒருவர் ஊர் சுற்றவும் ஒருவர் கப்பலில் பெற்றோரோடு இருக்கவும் செய்யலாம். அப்படிக் கூட இருப்பவருக்குக் கிடைக்கும் மூன்று மணி நேரப் பேச்சு வீட்டில் ஓராண்டிலும் வாய்ப்பதில்லை என்று திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம்.

எங்களிடம் வருகிற பயணங்களில் ஒரு வகை உண்டு. தாய்க்கோ தந்தைக்கோ கடுமையான நோய் கண்டறியப்பட்டிருக்கும். புற்றுநோயாக இருக்கலாம், முற்றிய இதயத் தளர்ச்சியாக இருக்கலாம். நோயின் பெயரும் அளவும் பிள்ளைகளுக்குத் தெரியும். நோயாளிக்குத் தெரியாது, அல்லது தெரியாது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். "அம்மாவிடம் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவார். கடைசியாக ஒரு நல்ல பயணம் போய்விட்டு வருகிறோம்" என்கிறார்கள். அன்பிலிருந்து பிறக்கும் பேச்சுத்தான் அது. பெற்றோரின் காதில் கெட்ட செய்தி விழாமல் காப்பது மக்கட் கடமை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பண்பை இகழ எங்களுக்கு மனமில்லை. ஆயினும் உண்மையை மறைத்து அழைத்துச் செல்லும் இந்தப் பயணத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை. அதை வெளிப்படையாகச் சொல்வது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

நடைமுறைக் காரணங்கள் முதலில். பயணக் காப்பீட்டுப் படிவம் முன்பே உள்ள நோய்களைக் கேட்கும். அவற்றை மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும் நாளில் பயன்படாது. பெற்றோருக்காக எடுக்கப்படும் வருகையாளர் காப்பீடுகள் பல, பழைய நோய்களுக்கான செலவை ஏற்பதில்லை, அல்லது வயதுக்கேற்ப வரம்பு வைத்து ஏற்கின்றன. கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்கள். இதயத்துடிப்பு வரைபடம், சில இரத்தப் பரிசோதனைகள், அவசர மருந்துகள் இருக்கும். அடைபட்ட இதயக் குழாயைத் திறக்கும் வசதியோ பெரிய அறுவை அரங்கோ இராது. நிலைமை முற்றினால் நோயாளியைக் கரைக்கு மாற்ற வேண்டும். ஜூனோ அந்த மாநிலத்தின் தலைநகர்; ஆனால் வெளியிலிருந்து அந்நகருக்குச் சாலை கிடையாது, கடலும் வானமுமே வழி. அங்கும் கெட்சிக்கனிலும் மருத்துவமனை உண்டு. ஸ்காக்வேயில் சிறு மருத்துவ நிலையமே உண்டு. உயர்நிலைச் சிகிச்சை என்றால் சியாட்டிலுக்கோ ஆங்கரேஜுக்கோ விமானத்தில் கொண்டுபோக வேண்டும். கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வருவதும் வராததும் மூடுபனியைப் பொறுத்தது. இத்தகைய விமான மாற்றத்துக்கு ஆகும் செலவு நடுத்தரக் குடும்பம் ஒன்றை முறித்துவிடக்கூடியது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மூச்சுத் திணறும் முதியவர் முன் கப்பலின் மருத்துவர் நின்று, "செயற்கைச் சுவாசம் வைக்கலாமா? கரைக்கு மாற்றலாமா?" என்று கேட்கும் வேளை வரலாம். அமெரிக்காவிலும் கப்பலிலும் இந்தக் கேள்வி முதலில் நோயாளியிடமே கேட்கப்படும். தமக்கு என்ன நோய் என்று அறியாதவர் அதற்கு எப்படி விடை சொல்வார்? அவர் சொல்ல இயலாதபோது மகனோ மகளோ சொல்ல வேண்டும். தாயின் விருப்பம் என்னவென்று ஒருநாளும் கேட்டறியாத பிள்ளை, நள்ளிரவில், அயலவர் நடுவே, சில நிமிடங்களில் முடிவெடுக்க நேரும். எடுத்த முடிவு எதுவாயினும் அது பின்னர் நெடுங்காலம் நெஞ்சில் உறுத்தும். குடும்பங்கள் துயரத்துக்குப் பின் எங்களிடம் வந்து பேசும்போது, சிகிச்சையைப் பற்றிய வருத்தத்தைவிட, "கேட்காமல் போய்விட்டோமே" என்ற வருத்தத்தையே மிகுதியாகக் கேட்கிறோம்.

சொன்னால் மனம் உடைந்துவிடும் என்ற அச்சத்துக்கு எங்கள் மறுமொழி இது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஓரளவு அறிந்தே இருக்கிறார்கள். உடல் அவர்களுடையது. மருந்துச் சீட்டின் நீளம், மகளின் குரல் மாற்றம், திடீரென்று ஆயிரக்கணக்கான டாலர் செலவில் ஒரு கப்பல் பயணம் இவற்றையெல்லாம் ஒரு தாய் கூட்டிப் பார்க்கமாட்டாரா? முன்பு எங்களிடம் சிகிச்சை பெற்ற அம்மையார் ஒருவர், பிள்ளைகள் வெளியே போன நேரம் பார்த்து, எங்கள் செவிலியரிடம் இப்படிக் கேட்டார்: "ஏன் சிஸ்டர், ரேஷன் அரிசிக்கே கணக்குப் பார்க்கிற என் மகன் கப்பலுக்குச் சீட்டு வாங்கியிருக்கானே, எனக்கு நாள் எண்ணியாச்சா?" அதன் பின் அக்குடும்பத்தார் அனைவரையும் ஒருசேர அமர்த்திப் பேசினோம். அவர் அழுதார், பிள்ளைகளும் அழுதார்கள். பிறகு அவரே பயணத்தைத் திருத்தினார். ஏழு நாளுக்கு ஒப்புக்கொண்டார். தம் தங்கையும் உடன் வர வேண்டும் என்றார். ஏதேனும் நேர்ந்தால் கருவிகளில் மாட்டி வைக்க வேண்டாம் என்று தம் வாயால் சொல்லி எழுதியும் கொடுத்தார். மனம் உடைந்தவர் செய்யும் செயல்களாக இவை எங்களுக்குத் தோன்றவில்லை.

எல்லாரும் எல்லாவற்றையும் அறிய விரும்புவதில்லை என்பதும் உண்மையே. "எனக்கு எண்ணிக்கை எல்லாம் வேண்டாம், மகளிடம் சொல்லுங்கள்" என்று ஒருவர் கூறினால் அதுவும் அவர் எடுத்த முடிவு, அதை மதிக்கிறோம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரிடம் கேட்பதே நாங்கள் வேண்டுவது. கேளாமலேயே அவருக்காகப் பிறர் முடிவு செய்வதைத்தான் மறுக்கிறோம். எப்படித் தொடங்குவது என்று தெரியாத குடும்பங்கள் எங்களை அணுகினால் உடனிருந்து உதவுவோம். உயிர்காப்புக் கருவிகள் பற்றிய விருப்பத்தை எழுதிவைக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆதலால் அதன் ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்திருப்பதோடு, கப்பலின் மருத்துவப் பிரிவிடம் முதல் நாளே கொடுத்துவிடுவது நன்று.

மறைத்தல் எதிர்ப்புறத்திலும் நடக்கிறது. பிள்ளைகள் செலவழித்திருக்கிறார்கள், விடுப்பு எடுத்திருக்கிறார்கள், பேரக்குழந்தைகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் தந்தை தம் மூச்சிரைப்பைச் சொல்வதில்லை. இரண்டு தலையணைக்கு மூன்றாக வைத்துப் படுப்பார். கேட்டால் கப்பல் கட்டில் தாழ்வு என்பார். இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் சிறுநீர் போக்கும் மாத்திரையை வெளியே செல்லும் நாளில் விழுங்காமல் விட்டுவிடுகிறார்கள். பேருந்தில் கழிப்பறை இராது என்ற கூச்சமே காரணம். அதே நாளில் கப்பல் உணவின் உப்பும், நாம் ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாயின் உப்பும், வற்றல் அப்பளத்தின் உப்பும் சேர்கின்றன. மூன்றாம் நாள் கால் வீங்கும்; ஐந்தாம் நாள் இரவு படுக்க முடியாமல் போகும். இதற்கு நாங்கள் சொல்லும் வழி எளியது. மாத்திரையை விடக் கூடாது; வெளியே போகும் நாளில் எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய எடைக்கருவி ஒன்றைப் பெட்டியில் வைத்து, நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறியுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது விருந்தின் எடை அன்று, நீரின் எடை. அன்றே கப்பலின் மருத்துவரைப் பாருங்கள். எடையைக் குறிக்கும் வேலையைப் பேரனிடமோ பேத்தியிடமோ கொடுத்தால் தாத்தாவால் மறைக்க முடியாது.

மருந்துகளில் மிகுதியும் கவனிக்க வேண்டியது கடல் குமட்டலுக்கான மருந்து. தீவுகளுக்கு இடைப்பட்ட உள்வழியில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்கள் பல வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் செல்வதால் அங்கே ஆட்டம் மிகலாம். வான்கூவரிலிருந்து புறப்படுவன தீவின் உட்புறமாகச் செல்கின்றன. குமட்டல் எளிதில் வருபவர்களுக்கு இரண்டாவது வழி ஏற்றது. காதின் பின் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையும், மெக்லிசின் போன்ற மாத்திரைகளும் இளைஞர்களுக்குத் தீங்கின்றி உதவும். முதியவர்களுக்கு அவை மனக்குழப்பம், தள்ளாட்டம், வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை உண்டாக்கலாம். புராஸ்டேட் வீக்கமும் ஒருவகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு இடர் அதிகம். கப்பலில் மகள் வாங்கித் தந்த பட்டையை ஒட்டிக்கொண்ட தந்தை, இரவில் தாம் எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் அறையை விட்டு வெளியேறினால், அதை மறதிநோய் என்று மயங்கவும் கூடும். எங்களைக் கேளாமல் இம்மருந்துகளைத் தர வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியில் தாழ்ந்த தளத்தில் அறை எடுத்தால் ஆட்டமே குறையும்.

இன்சுலின் எடுப்பவர்கள் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தின் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, உறைந்துபோனால் அது பயனற்றுவிடும். இந்தியாவுக்கும் சியாட்டிலுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு. அலாஸ்கா மேலும் ஒரு மணி பின்தங்கியது. ஊசியின் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை எழுதி வாங்கிச் செல்லுங்கள். நெடிய விமானப் பயணம் முடிந்து குறைந்தது ஒரு வாரமாவது பிள்ளை வீட்டில் தங்கிய பிறகே கப்பலில் ஏறுவது நன்று. ஜூன் பிற்பகுதியில் ஜூனோவில் பகல் 18 மணி நேரத்துக்கும் மேல் நீளும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் தெரிவதால் உறக்கம் கெடும். மறதிநோய் உள்ளவர்களுக்கு இது பெருந்தொல்லை. அவர்களுக்குக் கப்பலின் ஒரே மாதிரியான நீண்ட இடைவழிகளும் ஏற்றவையல்ல. கைகழுவுவதைப் பற்றியும் ஒரு சொல்: கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ், சாராயம் கலந்த கைத்தூய்மிக்கு எளிதில் அடங்குவதில்லை. சோப்பும் நீரும் வேண்டும், ஒவ்வொரு உணவுக்கு முன்னும். சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு இரண்டு நாள் வாந்தியும் பேதியும் மருத்துவமனைச் சேர்க்கையில் முடியலாம்.

நாங்கள் வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அண்மையில் மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்கள், இதயத் தளர்ச்சி இன்னும் கட்டுக்குள் வராதவர்கள், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் கட்டத்தில் கீமோதெரபி பெறுபவர்கள், படுத்தால் மூச்சுவிட இயலாதவர்கள் ஆகியோர் நிலைமை தேறும்வரை காத்திருக்க வேண்டும். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள் வழக்கமான கப்பலில் செல்ல இயலாது. அவ்வசதி செய்யப்படும் தனிப் பயணங்கள் சில உண்டு, நெடுநாள் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். உயிர்வளிக் கருவி வைத்திருப்பவர்கள் விமான நிறுவனத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்து இசைவு பெற்றால் போகலாம்.

உடல் இடங்கொடுத்தும் மனம் இல்லாத பெற்றோர் மற்றொரு வகையினர். "எனக்குப் பனியும் வேண்டாம், கடலும் வேண்டாம்; அந்த ஒரு வாரம் பேத்தியோடு வீட்டில் இருந்தால் போதும்" என்று சொல்பவர்களை நாங்கள் அறிவோம். பிள்ளைகள் அதைத் தன்னடக்கம் என்றெண்ணிச் சீட்டை வாங்கிவிடுகிறார்கள். சில வேளைகளில் அது தன்னடக்கமே. பல வேளைகளில் அது வெறும் உண்மை. இரண்டில் எது என்பதை அறிய ஒரு வழி, படங்களைக் காட்டிவிட்டு இரண்டு நாள் விட்டுவிடுவது. அவரே மீண்டும் அந்தப் பேச்சை எடுத்தால் ஆசை உண்டு என்று கொள்ளலாம்.

காலக்கணக்கு ஒன்று. மே முதல் செப்டம்பர் வரையே பெரும்பாலான கப்பல்கள் அலாஸ்காவுக்குச் செல்கின்றன. அமெரிக்கத் துறைமுகத்தில் தொடங்கி அமெரிக்கத் துறைமுகத்திலேயே முடியும் பயணத்திலும், 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் காரணமாக, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் இடையில் கனடாவின் துறை ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது; இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் கனடாவுக்கும் விசா பெற வேண்டும், அமெரிக்க விசா பலமுறை நுழைய இசைவளிப்பதாகவும் இருக்க வேண்டும். விசாவுக்கும் காப்பீட்டுக்கும் மருத்துவச் சுருக்கம் கேட்கப்படலாம். கட்டணத்தைத் திரும்பப் பெறக்கூடிய கடைசி நாள் புறப்பாட்டுக்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பே கடந்துவிடும்; அது கடந்த பின் எங்களிடம் வந்து, "பணம் கட்டிவிட்டோம், டாக்டர், சரி என்று எழுதிக்கொடுங்கள்" என்று கேட்பவர்களே மிகுதி. சீட்டு வாங்கும் முன் வாருங்கள். மருந்துப் பட்டியல், கடைசி இதயப் பரிசோதனை அறிக்கை, கப்பல் செல்லும் ஊர்களின் பெயர்கள் ஆகியவற்றோடு பெற்றோரையும் அழைத்து வாருங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் திரையில் சேர்ந்துகொள்ளலாம். முதல் கேள்வியை நாங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோதான் கேட்போம், அவர் சொல்லி முடிக்கும் வரை மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.